இருபத்தொரு நாள் தாமதம்

ஏரிக் காற்றுக்கு
யாரும் வராமலே கதவு திறந்து மூடும்
டொலீடோவின் ஜனவரி.
ஆல்வின் ஸ்கிபின்ஸ்கி வருகிறார்.
முப்பது நாள் மாத்திரை
அவருக்குத் தீர்ந்த இன்று
ஐம்பத்தோராம் நாள்.

என் திரையில் அவர் பெயர் சிவப்பு.
மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று பொருள்.
காரணத்துக்கு ஒரு கட்டம்,
கேட்குமுன்னே தன்னை நிரப்பிக்கொண்டு நிற்கிறது:
மறதி.

மறதியா!
முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர்.
எந்தத் திருப்பத்தில் எந்தப் பிள்ளை
ஷூ லேஸைக் கட்டாமல் ஏறும்,
எந்த வீட்டு நாய் டயரைத் துரத்தும்,
எல்லாம் சொல்வார்,
பின்னால் வரிசை முணுமுணுக்க.

காப்பீட்டிலிருந்து ஒரு பெண் அழைத்து
"கிழமை போட்ட பெட்டி அனுப்பட்டுமா, இலவசம்தான்"
என்றாளாம். வந்தது.
ஏழு அறை.
புதன் காலி, வெள்ளி காலி, ஞாயிறு காலி.
திங்களில் தொடங்கி
விரல் மடக்கிப் பார்த்தேன்:
முப்பதாவது மாத்திரை
சரியாக ஐம்பத்தோராவது காலை.
இத்தனை ஒழுங்கை
இந்தக் கவுண்டரில் நான் கண்டதில்லை.

"நாளைத் தள்ளணுமே" என்பார்,
பனியில் புதைந்த வண்டிக்குத்
தோள் கொடுத்தவர் சொல்வதுபோல.

இன்று புது வருடக் கணக்கு.
நாற்பத்தேழு டாலர்
நூற்று எண்பத்தொன்பது ஆகியிருக்கிறது.
குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.
"பத்து மட்டும் தர முடியுமா?"
முடியாது, பெட்டியைப் பிரிக்கக் கூடாது.
பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது,
கைக்கு எட்டும் தூரத்தில்.
கையுறையை மாட்டிக்கொண்டார்,
இடது, பிறகு வலது,
ஒவ்வொரு விரலாக.

ஏப்ரலில் வந்தார். கைத்தடி.
வலது பாதத்தில் அகலமான துணிச் செருப்பு,
அதற்குள் மூன்று விரல் இல்லை.
பிரேக்கின் மேல் இருந்த கால் அது.
பந்தின் பின்னால் ஓடிவந்த
யார் வீட்டுப் பிள்ளைக்கோ நின்ற கால்.

"ஆஸ்பத்திரிக்கு அறுபத்தோராயிரம்" என்றார்.
"கட்டிவிட்டார்கள். ஒரு கேள்வி இல்லை.
விரலுக்கு இவ்வளவு விலை என்று தெரிந்திருந்தால்..."
முடிக்காமல் சிரித்தார்.
நான் ரசீதைக் கிழித்தேன்.

அந்தச் செலவில் வருட வரம்பு தாண்டிவிட்டதாம்.
மாத்திரை இன்று ஒன்பது டாலர்.
தொண்ணூறு நாளுக்கு.
திரையில் அவர் பெயர் பச்சை.

எட்டிப் பார்த்தார்.
"பச்சை விழுந்தால் எடுக்க வேண்டியதுதான்."

தடியைக் கை மாற்றிக்கொண்டு
வாசலில் நின்றார்.
காற்றுக்கெல்லாம் திறக்கிற கதவு
அவர் நடைக்குக் கொஞ்சம் யோசித்தது.