மேல்மண்

செண்பகராமன்புதூரில் சூளைக்குப் பின்னால்
நாற்பது சென்ட் பாட்டத்துக்கு எடுத்தேன்.
வரப்பிலிருந்து இடுப்பளவு இறங்க வேண்டும் அதற்குள்.
மேல்மண் எப்போதோ செங்கல்லாகிப் போயிருந்தது.
யார் யாரோ அதன்மேல் சுண்ணாம்பு அடித்து
காலண்டர் மாட்டியிருப்பார்கள் இந்நேரம்.

மிச்சம் கிடந்ததை மண் என்று சொல்ல முடியாது.
மழை பெய்தால் சோப்பு,
வெயில் அடித்தால் ஓடு.
முதல் வருசம் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் பூத்தது.
இருந்ததில் நல்ல கதிர் என் சுண்டுவிரல்.
உரித்து எண்ணினேன்:
பதினேழு மணி.

அப்புறம் சாணிக்கு அலைந்தேன்.
தாசையன் தொழுத்தில் கடவம் பத்து ரூபாய்.
லூர்துமேரி ஆட்டுப் புழுக்கைக்குப் பணம் வாங்கவில்லை,
தட்டை காய்ந்ததும் ஆடுகளுக்குத் தந்துவிடு என்றாள்,
தட்டை வரும் என்று
அவளுக்கு எப்படித்தான் தோன்றியதோ.
பூதப்பாண்டி பிராய்லர் கொட்டகையிலிருந்து
மரத்தூளோடு கோழி எரு,
குட்டியானையில் ஒரு லோடு.
டிரைவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு
வாடகையில் நூறு கூட்டினான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில்
என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.
தோவாளையில் ஏறினாள் ஒருத்தி,
கூடை நிறையப் பிச்சியும் கொழுந்தும்.
உட்காரப் போனவள்
மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டு
தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.
அந்தச் செடிக்கும் யாராவது இதைத்தான் போட்டிருப்பார்கள்.
சொல்லவில்லை.

கிழக்குப் பாதிக்குச் சாணியும் புழுக்கையும்.
நாலு மாதம் குழியில் மூடி
தினம் கையை விட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் விட்ட பிள்ளை நெற்றிபோல
ஆறும்வரைக்கும்.
மேற்குப் பாதிக்குக் கோழி எரு.
மழை இறங்கிவிடும் என்று பயம்,
வந்த சூட்டோடு விதறிவிட்டு
மறுநாளே விதை போட்டேன்.

முளைத்த பத்தாம் நாள்
மேற்கே இலைநுனி பழுத்தது.
பன்னிரண்டாம் நாள் பார்த்தால்
வரிசை வரிசையாக யாரோ
தீக்குச்சி உரசிக்கொண்டு போனமாதிரி.
குனிந்து கிளறினேன், கண் கரித்தது.
கோழியைத் திட்டினேன், கொட்டகைக்காரனைத் திட்டினேன்.
லூர்துமேரி வரப்பில் நின்று சிரித்தாள்:
“அடுப்பிலேர்ந்து எறக்காமலே வெளம்பிட்டியே,
வாய் வேகாதா?”

ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறந்தது.
காற்றாடிகளுக்குப் பேய் பிடித்தது.
கிழக்குச் சோளம் மொத்தமும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது.
நான் சாயாகூடக் குடிக்காமல் ஓடிப்போய்
தூக்கிக் கட்ட கயிறு தேடினேன்.
கயிறு வேண்டியிருக்கவில்லை.
மூன்றாம் நாள் ஒவ்வொன்றும்
கணுவில் முழங்கை ஊன்றி எழும்பிக்கொண்டிருந்தது.
தரைக்கு மேல் சிவப்பாக வேர்கள், விரல்விரலாக.
பிடித்துப் பார்த்தேன்.
மண் விடமாட்டேன் என்றது.

மேற்கை அப்படியே போட்டுவிட்டேன்.
மழை நனைத்தது, வெயில் காய்ச்சியது,
மாடு மேய்ந்தது.
அடுத்த போகம் உரம் ஒரு பிடிகூட வைக்காமல்
சும்மா விதைத்தேன்.
என் தலைக்கு மேலே போய்விட்டது,
கிழக்கை எட்டிப் பார்த்துக்கொண்டு.
கோழியிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது?

கதிர் முற்றும் நேரத்தில் சகாதேவன் முதலாளி வந்தார்.
செருப்பைக் கழற்றி
பெருவிரலால் மண்ணைக் கீறினார்.
கறுப்பு. இரண்டு மண்புழு நெளிந்தது.
“கொள்ளாமே. அடுத்த வருசம் பாட்டம் கூட்டணும்.
இல்லேன்னா விட்டிரு,
இனி ஒரு அடி கல்லறுக்கலாம் போலிருக்கே.”

“சாணிமண் சூளையில வெடிக்கும் முதலாளி,
ஒரு கல் தேறாது.”

நிசமா என்று எனக்கும் தெரியாது.
அவர் விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் யோசித்துவிட்டுப் போனார்.

இதுவரை இருநூற்றுப் பத்து கடவம்
தலையில் சுமந்து கொட்டியிருக்கிறேன் இந்தக் குழியில்.
அதோடு சேர்த்து
இந்த ஒரு பொய்யும் கிடக்கட்டும்,
மக்கட்டும்.