ஈ

சுழற்றி எடுத்த குழாயில்
ரத்தத்துக்கு மேலே நிற்கும் நீர்
வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும்.
பள்ளத்தூரிலிருந்து இந்த வாரம் வந்த ஆறும்
செக்கு நல்லெண்ணெய்.

ஏ இல்லை. பி இல்லை.
ஈ-க்கு இரண்டாம் கோடு.
"பண்டத்தில் ஈ மொய்த்ததா?" என்கிறார் ஒருவர்.
ஈயில்லை அண்ணே, தண்ணி.
கேபிளுக்குத் தோண்டினார்களே உங்கள் தெருவில்,
அங்கே சாக்கடையும் குடிநீரும்
சம்பந்தம் பேசிவிட்டன.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை.
படுங்கள். கொதிக்கவைத்துக் குடியுங்கள்.
காய்ச்சல் மாத்திரை, நாட்டுச் சூரணம், சாராயம்
எதுவும் வேண்டாம்.
ஈரல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.
முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு
கோபமாகப் போனார்கள்.

ஏழாவது குழாய், சிகப்பி.
இருபத்துநாலு வயது, எட்டாம் மாதம்.
உறையப் பன்னிரண்டு வினாடி போதும்;
நான் இருபத்தொன்று எண்ணினேன்.
மறுபடி வைத்தேன்.
இருபத்தொன்று.

மதுரைக்குப் போக ஆம்புலன்ஸ் வருவதற்குள்
அவள் கணவன் என் கவுண்டருக்கு வந்தான்.
"வாந்தி நிற்காதபோது
நான்தானே டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்தேன்."

கேள்வியா என்று தெரியவில்லை.
ரசீதை மடித்துக் கொடுத்தேன்.