ஏழாவது கட்டம்

காப்பீட்டுப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
பொருளின் இன்றைய மதிப்பு, குரோனரில்.
பேனாவை மூடிவிட்டுக் காபி போடப் போனேன்.

கொடுத்த விலை தெரியும்.
ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.
வடக்குச் சரிவு ஸ்புரூஸ் மரங்களை
ஆலைக்காரர்கள் வெட்டி ஏற்றிய வாரம்
வங்கியில் விழுந்த பணம்.
அதற்கு நான் வைத்திருந்த பெயர்
மாட்டுக் கொட்டகையின் கூரை.
இங்கேலா வைத்த பெயர் துப்பாக்கி.

கடையில் தொங்குகிற ஒன்றில்லை,
சொல்லிச் செய்வது.
ஹில்டிங் அவளை மூன்று முறை வரச்சொன்னான்.
தையற்காரன் மாதிரி நாடா பிடித்தான்:
முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை,
கன்னத்து எலும்பிலிருந்து கண்மணி வரை,
குளிர்காலக் கோட்டோடு ஒருமுறை,
கோட்டில்லாமல் ஒருமுறை.
இருபத்தாறு மாதம் என்றான்.
இருபத்தொன்பது ஆனது.

ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டச் சொல்வார்கள்.
இத்தனை நுணுக்கமாய் அளந்து
யாரும் கொட்டியிருக்க மாட்டார்கள்.

அவள் தம்பி பெங்க்ட் வங்கியில் வேலை.
காகித நாப்கினில் கணக்குப் போட்டான்:
ஆண்டுக்கு அவள் பங்காக அறுபது கிலோ மூஸ் இறைச்சி,
கிலோ இன்ன விலை,
கழிக்க: தோட்டா, எண்ணெய், உரிமக் கட்டணம்.
கடைசி வரிக்கு வருமுன் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
"உனக்கு எழுபத்தெட்டு வயதாகும்போது முதல் தேறும்.
முதலீடா அக்கா இது?"
"இல்லை. துப்பாக்கி" என்றாள்,
உருளைக்கிழங்குத் தட்டை அவன் பக்கம் தள்ளியபடி.

நானும் சும்மா இருக்கவில்லை.
அவளுக்குத் தெரியாமல் ஹில்டிங்கிடம் கேட்டேன்,
விற்றால் என்ன போகும்?
அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.
பல் மருத்துவர் ஓல்ஹேகனுக்காகச் செய்தது.
வால்நட் கட்டையில் புகை போல ரேகை,
அடித்தகட்டில் அவருடைய முதலெழுத்துகள்.
அவர் போய் நான்கு வருடம்.
பாதி விலை சொல்லி, யாரும் வராமல்,
இப்போது மூன்றில் ஒரு பங்கு.
தோளில் வைத்துப் பார் என்றான்.
வைத்தேன்.
குழல் என்னைக் கேட்காமல்
பக்கத்துச் சுவரைப் பார்த்தது.
"நெட்டை மனுஷன், நீளக் கழுத்து" என்றான் ஹில்டிங்.
"ஒருவருக்குப் பொருந்தப் பொருந்த
ஊருக்கு ஆகாமல் போகும்."

மூன்றில் ஒரு பங்கு.
அதைத்தான் எழுத வேண்டுமோ ஏழாவது கட்டத்தில்?

சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தது ஒன்றிருக்கிறது.
ஐந்து வருடம் முன்பு அவள் வலக்கண்ணில்
விழித்திரை கழன்றது.
உமெயோவில் ஒட்டினார்கள். வெளிச்சம் மட்டும் மிச்சம்.
பழைய துப்பாக்கி பூட்டிய பெட்டியில் கிடக்க
செப்டம்பர்தோறும் குழுவோடு இவளும் போனாள்,
நாயைப் பிடித்துக்கொள்ள,
தீ மூட்டிக் காபி ஊற்ற.
இங்கேலாவின் காபி மாதிரி உண்டா என்றார்கள் எல்லோரும்.
அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புதியது இடத்தோளுக்கானது.
போல்ட் கைப்பிடி இடப்பக்கம்.
பின்கட்டை முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர்.
அந்த அளவில் உலகில் இன்னொருவர் இருக்கலாம்,
யெம்ட்லாந்தில் இல்லை.

எனக்கு முழங்கால் வலி, வேட்டைக்குப் போவதில்லை.
முதல் திங்கள் காலை
கொட்டகைக் கூரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன்.
ஏரிக்கு அப்பால் ஒரு வெடி.
ஏணியிலேயே நின்றுவிட்டேன்.
கண் கெடத் தொடங்கிய அந்தக் கடைசிப் பருவத்தில்
இரண்டாவது வெடி வரும், மூன்றாவதும் வரும்,
அப்புறம் இருட்டும்வரை நாயோடு தேடல்.
நூறு வரை எண்ணினேன்.
தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீர்
சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.
இரண்டாவது வரவில்லை.

தவறியிருக்கலாம்.
வேறு யாரோ சுட்டிருக்கலாம்.

நான்கு மணிக்கு வந்தாள்.
முழங்கைவரை காய்ந்த இரத்தம்,
இடக்கன்னத்தில் கட்டை பதிந்த சிவப்பு.
கேட்க எத்தனையோ இருந்தது.
இன்று யார் காபி போட்டது என்று கேட்டேன்.

"பெங்க்ட்" என்றாள், பூட்ஸைக் கழற்றியபடி.
"வாயில் வைக்க முடியவில்லை."