நான்காம் வேற்றுமை

இரண்டாம் முறையும் ஐம்பத்து நான்கு.
அறுபது வேண்டும்.
ஜெர்மன் புத்தகத்தை ஃபிரிட்ஜின் மேல்
கரண்ட் பில்களுக்கு அடியில் செருகினேன்.
ஒரு வாரம் அங்கேயே கிடந்தது.
வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்டாம் நாள் இரவு டூட்டி.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
சலைன் சொட்டுகளை எண்ணும் நேரம்.
தூங்கிவிடக் கூடாதென்று
பெலீசியா அனுப்பிய பாடத்தைத் திறந்தேன்.
என்னைவிடப் பதினோரு வயது இளையவள் என் டீச்சர்,
நெல்லித்தோப்பில் ஒரு மாடியறை, பன்னிரண்டு நாற்காலி.
‘நன்றி சொல்லும் வினைக்கு டாட்டிவ் வரும்.
ஐந்து வாக்கியம் எழுதவும்.’

டாட்டிவ் என்பது வேறொன்றுமில்லை,
நம் நான்காம் வேற்றுமை. கு.
எனக்கு, உனக்கு, ஊருக்கு, பேருக்கு.
இரண்டு மொழியிலும் நன்றி
ஒரே கதவைத் தட்டித்தான் உள்ளே போகிறது.
இத்தனை நாள் மதிப்பெண் எண்ணிக்கொண்டிருந்ததில்
கவனிக்கவே இல்லை.

முதலில் பஸ்ஸுக்கு. இஷ் டாங்கே டெம் புஸ்.
சனிக்கிழமை காலை ஆறு இருபது, கடலூர் டு பாண்டி,
ரெட்டிச்சாவடி தாண்டியும் உட்கார இடம் தராத வண்டி.
ஆனாலும் பெண்ணையாற்றுப் பாலத்தில்
அது பஞ்சராகி நின்ற அரைமணியில்தான்
இருந்தேன், இருந்தாய், இருந்தான் எல்லாம்
எனக்கு மனப்பாடமாயின.

இரண்டாவது மழைக்கு.
கடலூர்க்காரி மழைக்கு நன்றி சொல்ல
கொஞ்சம் யோசிப்பாள்.
அடித்துவிட்டேன்.

கமருன்னிசாவுக்கு என்று எழுதினேன்.
என் வெள்ளிக்கிழமை இரவுகளை வாங்கிக்கொண்டு
தன் ஞாயிறுகளைத் தருகிறவள்.
அந்த ஊரிலும் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம்,
ஷ்வெஸ்டர். நன்றி சொல்லப் போனால் மட்டும்
அவளுக்கு முன்னால் ஆண்பால் ‘டெர்’ வந்து நிற்கும்.
காரணம் கேட்கக் கூடாது.

அப்புறம் முந்திரிக்கு.
டிஸ்சார்ஜ் ஆன பண்ருட்டிக்காரர்
பேப்பரில் மடித்துக் கொடுத்த பொட்டலம்
மூன்று சனிக்கிழமை எனக்குக் காலை டிபன்.
ஆனால் வார்த்தை தெரியவில்லை.
பேர் தெரியாததற்கு நன்றி சொல்ல முடியாது,
கடன் அப்படியே நிற்கும்.
அகராதியில் தேடினேன். கிடைத்தது,
கூடவே பக்கத்தில் கிடந்த நாலு சொல்லும்.

நான்காவது, பூவராகனுக்கு.
தமிழில் நான் அவனுக்கு நன்றி சொன்னதே இல்லை.
சொன்னால் பயந்துவிடுவான்.
நமக்கு அது மைக் பிடித்துச் சொல்லும் சொல்.
வீட்டுக்குள் சொன்னால்
செருப்போடு நுழைந்த மாதிரி இருக்கும்.
சிப்காட் ஷிப்ட் முடித்து
ரசாயன வாடை போக இரண்டு முறை குளித்து
யூடியூப் பார்த்து மகளுக்குத் தலை பின்னுகிறவன்.
ஒரு பின்னல் எப்போதும் குட்டை.

விடிந்து வீட்டுக்குப் போனேன்.
வாயில் ரப்பர் பேண்டோடு நின்றவனிடம்
‘இஷ் டாங்கே டீர்’ என்றேன்.
‘டியரா?’ என்றான்.
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக
அவன் காது சிவந்து பார்த்தேன்.
டியர் இல்லை, டீர். உனக்கு என்று அர்த்தம்.
‘எனக்கு என்ன?’

சொல்லவில்லை.
மீதி வாக்கியத்தை அந்த மொழியிலேயே
வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது கிடைக்காமல்
புத்தகத்தை ஒரு வாரம் தலையில் சுமந்த
ஃபிரிட்ஜுக்கு எழுதி அனுப்பினேன்.
எழுத்துப்பிழையோடு.

மத்தியானம் பெலீசியாவிடமிருந்து பதில்:
இரண்டு தப்பு, மூன்று சரி.
தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட்டேன்.
அறுபது.

அடுத்த பரீட்சை நவம்பரில்.
புயல் மாதம்.
மழைக்கான வரி நோட்டில்
அடித்தது அடித்தபடியே இருக்கிறது,
கீழே படிக்கத் தெரிகிற மாதிரி.