நசுங்கல் தனி

'சின்ன வெப்சைட்தான்' என்றார்
பள்ளத்தூர் பிச்சப்பன்,
வாடகைப் பாத்திரக் கடை.
சிங்கப்பூரில் இருப்பவர்கள்
ஊரில் அறுபதாங் கல்யாணம் வைத்துவிட்டு
அண்டா எத்தனை இருக்கு, அன்னவெட்டி எத்தனை இருக்கு என்று
போனில் கேட்கிறார்களாம்.
அவர்களுக்கு விடியும்போது நமக்கு மூன்றரை மணி.
'அஞ்சே பக்கம். என்ன ஆகும்?'

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
மின்சாரக் கட்டண ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
நாற்பது மணி நேரம்.
மணிக்கு இவ்வளவு என்று எழுதப்போய்
அந்த இவ்வளவிலேயே பேனா நின்றது.
பெங்களூரில் ஒரு விலை.
கோட்டையூரில் ஒரு பையன்
மூவாயிரத்துக்கு முடித்துத் தருகிறானாம்,
எல்லாருக்கும் ஒரே சட்டை, பொத்தான் மட்டும் வேறு.
நடுவில் என் விலையைத் தேடுவது
கரண்ட் போன வீட்டில் செருப்பைத் தேடுவது மாதிரி.
கால்தான் துழாவுகிறது.

'பன்னிரண்டாயிரம்' என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஒரு மூச்சு.
எங்கோ ஒரு தாம்பாளம் இறங்குகிறது.
'சரி, உங்களுக்காக ஒன்பது.'
'ஒன்பதா? சரிம்மா.'

அந்தச் சரிம்மாவின் வேகத்தில் தெரிந்துவிட்டது,
அவர் பேசாதிருந்தது
சாமான் இறக்குகிறவனுக்குக் கை காட்டுவதற்காக.
மூவாயிரம் ரூபாயை
என்னோடு நானே பேரம் பேசித் தோற்றிருந்தேன்.

பிறகு வந்தன குரல் செய்திகள்.
லோகோ கொஞ்சம் பெரிசா.
இன்னும் கொஞ்சம்.
பச்சை வேண்டாம், மருமகளுக்குப் பிடிக்கலை.
மருமகள் ஊருக்குப் போயாச்சு, பச்சையே இருக்கட்டும்.
'ஒரே ஒரு சின்ன மாத்தம்' என்று தொடங்கியவை மட்டும்
பதினேழு.
நாற்பது மணி எழுபத்தொன்றாகி
மணிக்கு நூற்றிருபத்தாறு ரூபாய், கொஞ்சம் சில்லறை.
டொமைன் வாங்கிய காசை
இதில் நான் இன்னும் கழிக்கவில்லை.

படம் எடுக்க டவுன் பஸ்ஸில் போனேன்.
நூற்று நாற்பத்து மூன்று உருப்படிகள்.
ஜல்லிக்கரண்டிக்கு முன்னழகு, பின்னழகு.
ஒவ்வொரு குண்டானிலும்
வயிறு வீங்கிய நான் தெரிந்தேன்,
விலகி நின்று எடுத்தேன்.
சுவரில் சிவப்புப் பெயின்ட்:

நசுங்கல் தனி.
கழுவாமல் வந்தால் தனி.
காலை எட்டு தாண்டினால் இன்னொரு நாள்.
கரண்டி குறைந்தால் கரண்டிக்கு நாற்பது.
வாக்குவாதம் வேண்டாம்.

கல்யாண வீட்டிலிருந்து ஒருவர்
தவலையைத் திருப்ப வந்திருந்தார்.
இந்த நசுங்கல் முன்னாலேயே இருந்தது என்றார்,
சம்பந்தி மேல் சத்தியம் செய்தார்.
பிச்சப்பன் கோபப்படவில்லை, குழையவுமில்லை.
கட்டைவிரலால் பள்ளத்தை ஒருமுறை தடவினார்.
சுவரைப் பார்த்தார்.
பர்ஸ் திறந்தது.

திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே
போனில் தட்டினேன்.
திருத்தம் இரண்டு முறை வரை உள்ளே.
மூன்றாவது தனி.
படம் நான் எடுத்தால் தனி.
பாதிப் பணம் முதலில்.
'வாக்குவாதம் வேண்டாம்' என்று அடித்தேன்,
அழித்தேன்,
கண்டனூர் தாண்டும்போது மறுபடி அடித்து
மறுபடி அழித்தேன்.

மீதி நாலாயிரத்து ஐந்நூறில்
நாலாயிரம் வந்தது.
'ரவுண்டா வச்சுக்கம்மா.'
என் சுவர் அப்போது வெறும் சுண்ணாம்பு.

நேற்று தேவகோட்டையிலிருந்து ஒரு பல் டாக்டர்.
'சின்ன வெப்சைட்தான்.'
'பதினெட்டாயிரம்' என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஃபேன் சுற்றியது.
கீழே இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது,
இன்னொரு தாளை.
'உங்களுக்காக' என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன்,
பல் பதிய.