இன்று காட்சி இல்லை

கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து
டிக்கெட் கொடுக்கும் பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்:
மேலே ஒன்றும் தெரியாது இன்று.
காசு திரும்பத் தர மாட்டோம்.
பரவாயில்லை, கொடுங்கள் என்றேன்.
வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, அதுவும் நவம்பரில்.
ஃபிராங்க்ஃபர்ட்டில் வெயிலுக்குக் காத்திருந்தால்
பென்ஷன் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

என் ரொட்டி டப்பாவை எக்ஸ்ரேயில் பார்த்த காவலர்
சீஸா, என்றார்.
வெள்ளரிக்காயும், என்றேன்.

பதினான்கு வருடமாய் இதன் காலடியில்
டிராம் ஓட்டுகிறேன்.
எனக்குத் தெரிந்த கோபுரம்
முழங்கால் உயரம்தான்:
சுழற்கதவு, அதில் மாட்டிக்கொண்ட குடை,
புகைக்க வெளியே வரும் டைக்காரர்கள்,
எவ்வளவு மணியடித்தாலும்
போனிலிருந்து தலை தூக்காமல்
தண்டவாளம் தாண்டும் பளபளப்பான கால்கள்.
அதற்கு மேல் என் முன்கண்ணாடியில் இடமில்லை.

லிஃப்ட் கிளம்பியதே தெரியவில்லை.
எண்கள் மட்டும் ஓடின.
முப்பதில் காது அடைத்தது.
நாற்பதில், பக்கத்தில் நின்ற தாடிக்காரர்
மனைவியின் கையைப் பிடித்தார்.
பயமா, ஹார்ட்முட்?
உனக்குத்தான், என்றார்.

மேலே
பொங்கிய பால் அப்படியே நின்றுவிட்டதுபோல் ஒரு வெள்ளை.
கம்பித் தடுப்பு வரை உலகம்.
வங்கிகள் இல்லை. மைன் ஆறு இல்லை.
மற்ற கோபுரங்கள் எல்லாம்
எங்கோ கைக்கெட்டும் தூரத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.
திசைப் பலகை மட்டும் விடாமல் கைகாட்டியது:
அதோ பேராலயம், அதோ விமான நிலையம்.
ஒரு பையன் பலகையைப் பார்த்தான், வெள்ளையைப் பார்த்தான்,
பொய், என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கடித்தான்.
ஹார்ட்முட் ஒன்றுமில்லாததன் முன்னால்
மனைவியை நிறுத்திப் படம் எடுத்தார்.
அவள் கண்ணை மூடிவிட்டாளாம். மறுபடியும் எடுத்தார்.

போதும், இறங்கலாம் என்று திரும்பினேன்.
அப்போதுதான் ஏறி வந்தது
அடியிலிருந்து, ஈரத்தைக் கிழித்துக்கொண்டு,
தியேட்டர் முனையில்
சக்கரம் வளைவைத் தேய்க்கும் அந்தக் கீச்சு.
பிறகு மணி.
ஒன்று.
கொஞ்சம் யோசித்து, இரண்டு.

ட்ராகிட்சா.
எங்கள் பணிமனையில் வேறு யாரும்
மணியடிக்கும்போது யோசிப்பதில்லை.
பிரேக்கையும் வளைவுக்குள் வந்தபிறகுதான் போடுவாள்;
நின்றுகொண்டு வருபவர்கள் எல்லாம்
இந்நேரம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.
யாரோ குறுக்கே போயிருக்கிறார்கள்.
யாரோ ஈரக் குடையோடு ஏறி
நடுவழியில் உதறுகிறார்கள்.

கம்பியில் சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றேன்.
கன்னத்தில் கம்பி ஐஸாக ஒட்டியது.

பையன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.
என்ன தெரியுது?

கடிகாரத்தைத் திருப்பினேன்.
பதினொன்று இருபத்து மூன்று.

ரெண்டு நிமிஷம் லேட், என்றேன்.