முப்பத்தொன்பது கிலோ

ஷட்டரைப் பாதி தூக்கி
குனிந்து நுழைகிறாள் கெசியா.
பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவே
செருப்பைக் கழற்றி
என் எடைமேடையில் ஏறுகிறாள்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தள்ளாடி நிற்கின்றன:
முப்பத்தொன்பது, அறுநூறு.

அறுநூறு கிராம் கூடுதல்.
எனக்கு அது ஒரு வாரத்துப் பேப்பர்.
அவளுக்கு, நேற்று ராத்திரி
நான் தட்டில் தள்ளிய மூன்றாவது தோசை.
"அப்பவே வேணாம்னேன்ல?"

இருபத்திரண்டு வருஷமாக
புளியந்தோப்பின் பழசையெல்லாம் நிறுக்கிறவன் நான்.
இரும்பு, பித்தளை, அட்டைப்பெட்டி,
பரீட்சை முடிந்த மறுநாளே வந்து விழும் நோட்டுகள்.
கிலோவுக்கு ஐம்பது கிராம்
என் பக்கம் சாயத்தான் செய்யும்.
கர்த்தருக்குத் தெரியும். வாடிக்கைக்காரர்களுக்கும் தெரியும்.
இன்றைக்கு முதல்முறையாக
இன்னொருவருக்காகச் சாய்க்கப் பார்க்கிறேன்.
எண்கள் மசியவில்லை.

கோச் வசுமதிக்குப் போன் போட்டேன்.
"பட்டினி போடாதீங்க, வளர்ற பொண்ணு.
இட்லி குடுத்துக் கூட்டிட்டு வாங்க.
நாப்பத்திரண்டுல நிக்கட்டும்."
எத்தனை இட்லி என்று கேட்டேன்.
ஆறு என்றாள், யோசிக்காமல்.

சேர்த்துவிட்ட முதல் மாதம்
மல்யுத்தம் எதுவும் சொல்லித்தரவில்லை.
விழச் சொன்னார்கள்.
பின்னால் விழு, பக்கவாட்டில் விழு,
தாடையை மார்போடு ஒட்டி விழு.
மாசம் முந்நூறு ரூபாய், விழுவதற்கு
என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது
ஐப்பசி மழை வந்தது.
தண்ணீர் வடிந்த சேற்றில்
பால் வாங்கித் திரும்பியவள்
என் கண்ணெதிரே வழுக்கினாள்.
ஒரு உருளல். எழுந்து நின்றாள்.
சிராய்ப்பில்லை. பாக்கெட்டும் உடையவில்லை.
அன்றைக்குத்தான் எனக்கு
முந்நூறு ரூபாய் செரித்தது.

அதற்கு முன்னால்
வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட
பக்கத்துப் பெண்தான்
'உள்ளேன் மிஸ்' சொல்லுவாளாம்.

பெரியமேட்டு அரங்கம். நீல மெத்தை.
எதிரே எண்ணூரிலிருந்து வந்த ரிஸ்வானா,
அரைச் சாண் உயரம் அதிகம்.
கைகுலுக்கினார்கள். விசில்.

என்ன நடந்தது என்று
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
கை கழுத்துக்குப் போனது,
கழுத்து கைக்கு அடியில் போனது,
நாலு கால் எட்டுக் காலாகத் தெரிந்தது.
பிறகு என் பிள்ளை மல்லாந்து கிடந்தாள்.
இரண்டு தோளும் மெத்தையைத் தொட்டால் முடிந்தது.
ஒரு தோள் தொட்டுவிட்டது.

"பாலம்! பாலம் போடு!"
வசுமதி கத்தியது கூரையில் பட்டுத் திரும்புமுன்
தலையையும் பாதத்தையும் ஊன்றி
நடுவுடம்பை உயர்த்தினாள்.

தினமும் பேசின் பாலத்து ஏற்றத்தில்
மூன்று சக்கர வண்டியை
இறங்கித் தள்ளுகிறவன் நான்.
பாலம் என்றால்
ஏறுகிறவன் படும் பாடுதான் தெரியும்.
பாலம் படும் பாட்டை
அன்றைக்குத்தான் பார்த்தேன்:
நாற்பத்தொரு கிலோ எண்ணூர்
மேலே அழுத்திக் கிடக்க,
அடியில் ஒரு விரற்கடை வெளிச்சம்.

பதினோரு விநாடி.
புரண்டுவிட்டாள்.

ஆனாலும் தோல்விதான். எட்டுக்கு ஐந்து.
நடுவர் தூக்கியது ரிஸ்வானாவின் கையை.

கெசியா அழவில்லை என்று எழுத ஆசை.
அழுதாள். குழாயடியில்,
மூக்கை உறிஞ்சி உறிஞ்சி.
நான் போவதா வேண்டாமா என்று
டிபன் டப்பாவோடு நின்றபோது
ரிஸ்வானா என்னைத் தாண்டிப் போனாள்.
"அந்தப் பாலம் எப்படிப் போட்ட?
என் கையி இன்னும் வலிக்குது."
இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு
அங்கேயே சிமெண்ட் தரையில்
துண்டை விரித்துப் படுத்துக் காட்டினாள்.

ராத்திரி நாலு தோசை.
நான் தள்ளவில்லை, அவளே கேட்டாள்.
கை கழுவிய ஈரம் காயுமுன்
பாயில் மல்லாந்துவிட்டாள்.

இரண்டு தோளும் தரையில் பட,
வாய் லேசாகத் திறந்திருக்க.

யாரும் விசில் ஊதவில்லை.